மகிழுந்து தந்த மின்சாரம்

2020ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் ஆம்பன் புயல் சுந்தரவனக் காடுகளை ஒட்டிக் கரையைக் கடந்தது. அன்று மாலை முதல் நள்ளிரவு வரை கொல்கத்தா நகரைக் காற்று உலுக்கியது. பெஹாலாவில் நான் குடியிருந்த தெருவின் முனையில் நின்ற செம்மயிற்கொன்றை மரம் மின்கம்பிகளின்மேல் சாய்ந்தது. தெரு முழுவதும் இருளில் மூழ்கியது. மறுநாள் விடிந்தது, மின்சாரம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

அது கொரோனா ஊரடங்குக் காலம். கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்ல என் மாணவர்களுக்கு வழியில்லை. எனவே, ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுமாறு கூறியிருந்தேன். வீட்டில் தமிழ் பேசினாலும், எழுதிப் பழகாத பிள்ளைகள் அவர்கள். 22 பேர் எழுதி, அத்தாள்களைப் படம்பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். ‘பாட்டி, நம் வீட்டு வேப்பமரம் நலமா?’ என்று ஒரு சிறுமி கேட்டிருந்தாள். கடிதங்களைத் திருத்தித் தொகுத்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்கு அனுப்பிவிடுவதாக வாக்களித்திருந்தேன். அவை யாவும் என் மடிக்கணினிக்குள் இருந்தன. அதுவோ மின்னேற்றம் தீர்ந்து அணைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில், கீழ்த்தளத்து இளைஞர் என்னை அழைத்தார். “திதிமணி, என் வண்டியில் மின்னேற்றிக்கொள்ளுங்கள்” என்றார். வங்காளத்தில் ஆசிரியையை இவ்வாறு அழைப்பது வழக்கம்.

மகிழுந்தின் முன்பகுதியில் வட்டமான ஒரு துளை இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முற்காலத்தில் சுருட்டுப் பற்றவைக்க அமைக்கப்பட்ட அத்துளை, இன்று மின்சாரம் பெறப் பயன்படுகிறது. வண்டியின் மின்கலம் 12 வோல்ட் அளவுடைய நேர்த்திசை மின்னோட்டத்தைத் தருகிறது. நம் வீடுகளுக்கு வருவதோ 230 வோல்ட் அளவுடைய மாறுதிசை மின்னோட்டம். முன்னதைப் பின்னதாக மாற்றும் ‘இன்வெர்ட்டர்’ என்னும் சிறு கருவியை அவர் அத்துளையில் செருகினார். அதில் என் மடிக்கணினியின் மின்னேற்றியை இணைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. என் முகமும் மலர்ந்தது.

“அளவு மீறக் கூடாது, திதிமணி” என்று கூறி, அவர் ஒரு கணக்கையும் விளக்கினார். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். என் மின்னேற்றி 65 வாட். அதற்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ ஐந்தரை ஆம்பியர் வேண்டும். மாற்றத்தின்போது வெப்பமாகிச் சிறிது வீணாவதால் ஆறு ஆம்பியர் என்று கொள்ளலாம். இன்வெர்ட்டர் தாங்குவது 150 வாட் மட்டுமே. வண்டியின் மின்கலத்தை முழுவதும் தீர்த்துவிட்டால், பிறகு வண்டியை இயக்கவே இயலாது. ஆகவே, அவ்வப்போது எஞ்சினை ஓடவிட்டு மின்கலத்துக்கு மின்னேற்றினார். எஞ்சின் புகையில் உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதனால் வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தியிருந்தார். மூடிய கொட்டகைக்குள் ஒருபோதும் எஞ்சினை ஓடவிடலாகாது.

பிற்பகலுக்குள் 14 கடிதங்களைத் திருத்திவிட்டேன். அப்போது மாடியில் வசித்த மூதாட்டி பதற்றத்துடன் இறங்கி வந்தார். அவரை நாங்கள் ‘மாசிமா’ என்றே அழைப்போம். அவருடைய கணவர் மூச்சிரைப்பால் துன்புற்றுக்கொண்டிருந்தார். மருந்தைப் பனிபோல் ஆக்கி நுரையீரலுக்குள் செலுத்தும் கருவி அவர்களிடம் இருந்தது. அதை இயக்க மின்சாரம் இல்லை. மருத்துவமனைக்குச் செல்லும் வழியையும் விழுந்த மரங்கள் மறித்திருந்தன.

அக்கருவியின் அடியில் 100 வாட் என்று அச்சிடப்பட்டிருந்தது. 65உம் 100உம் சேர்ந்தால் 165. இன்வெர்ட்டரின் அளவோ 150. அந்தக் கணக்கில் இரண்டுக்கும் இடமில்லை.

நான் மடிக்கணினியின் இணைப்பைப் பிடுங்கினேன். பெரியவரை நாற்காலியோடு தூக்கிவந்து வண்டியில் அமர்த்தினோம். சற்று நேரத்தில் அவருடைய மூச்சு சீரடைந்தது. நாளொன்றுக்கு மூன்று முறை அவருக்கு அம்மருந்து தேவைப்பட்டது. வண்டியில் பெட்ரோலும் குறைந்துகொண்டே வந்தது. எஞ்சியதை அவருக்கே ஒதுக்கிவிடுவோம் என்று இளைஞரிடம் கூறினேன். எனினும், காத்திருக்கும் பாட்டிமார்களை எண்ணி அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

23ஆம் நாள் மரங்களை அகற்றும் பணிக்காக இராணுவத்தினர் நகருக்குள் வந்தனர். எங்கள் தெருவுக்குத் திங்கட்கிழமை இரவு மின்சாரம் திரும்பியது. மீதமிருந்த எட்டுக் கடிதங்களையும் திருத்தி, செவ்வாய்க்கிழமை அனைத்தையும் அனுப்பினேன். என் வாக்கு இரண்டு நாள் தவறிவிட்டது. அதற்கான காரணத்தை எழுதி, ஒவ்வொருவரிடமும் பொறுத்தருளுமாறு வேண்டியிருந்தேன்.

வேப்பமரத்தை நலம் விசாரித்த சிறுமியின் பாட்டியிடமிருந்து முதலில் மறுமொழி வந்தது. யாரையோ கொண்டு எழுதச் செய்திருந்தார்: ‘வேப்பமரம் நலம் என்று பேத்தியிடம் சொல்லுங்கள், டீச்சர். கடிதம் இரண்டு நாள் பிந்தினால் என்ன? அந்தப் பெரியவர் இப்போது நலமாக இருக்கிறாரா?’

அம்மறுமொழியை வங்காள மொழியில் மாசிமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கண்கள் கலங்கின. “நலமாக இருக்கிறார் என்று உடனே எழுதுங்கள், திதிமணி” என்றார். அன்றே எழுதினேன்.