அமராவதி எட்டிப் பார்த்த நொடி

ஸ்ரீரங்கத்தில் தாயார் சந்நிதிப் பக்கம் போகிறபோதெல்லாம் கம்பர் மண்டபத்தில் சற்று நின்றுவிடுவேன். ராமாயணம் அரங்கேறிய இடம் என்கிறார்கள். இரணியன் வதைப் படலம் கேட்டு எதிரே இருக்கும் மேட்டழகிய சிங்கர் தலையசைத்தார் என்பது ஊர் நம்பிக்கை. ஆனால் எனக்கு அங்கே கம்பரைவிட அவர் மகன் அம்பிகாபதியின் நினைவுதான் முந்திக்கொண்டு வரும். காரணம் என் பாட்டி. 1937-இல் வந்த 'அம்பிகாபதி'யைச் சிறுமியாக இருந்தபோது பார்த்தவர். அதில் நாயகனாக நடித்த பாகவதரைப் பற்றிப் பேச்செடுத்தால் "நம்ம ஊருப் பிள்ளை" என்றுதான் தொடங்குவார்.

எம்.கே. தியாகராஜ பாகவதர் பிறந்தது மாயவரத்தில். வளர்ந்தது திருச்சியில். ரயில்வே அதிகாரி எஃப்.ஜி. நடேச ஐயர் இந்தச் சிறுவனின் குரலைக் கேட்டு, தம் நாடக சபையின் 'அரிச்சந்திரா'வில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். அந்த மேடைப் பழக்கம்தான் 'அம்பிகாபதி' படப்பிடிப்பில் அவரைத் தாங்கியிருக்கும். பின்னணிப் பாடல் முறை தமிழுக்கு வந்திராத காலம். காமிராவுக்கு முன்னால் நடிப்பவரே பாடியாக வேண்டும். காதலியின் முகத்தையும் பார்க்க வேண்டும், சுருதியும் விலகக் கூடாது.

படம் எடுத்தது கல்கத்தாவில், ஈஸ்ட் இந்தியா ஸ்டூடியோவில். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன், ஒஹையோ மாநிலத்து அமெரிக்கர். உடன் படித்த மாணிக்லால் டாண்டனோடு 1935-இல் இந்தியா வந்தவர். தமிழ் தெரியாது. வசனம் எழுதிய இளங்கோவனோ 'மணிக்கொடி' இதழ் வழி வந்தவர். டங்கன் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்'டைக் கொடுத்து, காதல் காட்சிகளுக்கு அதன் சாயலைக் கேட்டார். இளங்கோவன் அதைச் செந்தமிழாக்கினார். கம்பர் மகனின் காதல் ஆங்கில நாடகத்தைத் தொட்டு, கல்கத்தாவில் உருப்பெற்றுத் தமிழ்நாட்டுக்கு வந்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கதையின் உயிர் ஒரு நொடியில் இருக்கிறது. சோழ இளவரசி அமராவதியைக் காதலித்த அம்பிகாபதி, சிற்றின்பம் கலவாமல் நூறு பாட்டுப் பாடினால்தான் பிழைப்பான். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி, தொண்ணூற்றொன்பதிலேயே நூறு முடிந்தது என்று எட்டிப் பார்க்கிறாள். அவள் முகத்தைக் கண்டதும் அவன் வாயில் காதல் வந்துவிடுகிறது. நாடக மேடையில் கடைசி வரிசைக்காரருக்கு அந்தப் பார்வை எட்டாது. சினிமா எட்டவைத்தது. மொழி தெரியாத இயக்குநர் கண்களை நம்பித்தான் படமெடுக்க முடியும். தமிழ்க் காதல் படத்துக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தது டங்கன் என்பது என் கருத்து. அமராவதியாக எம்.ஆர். சந்தானலட்சுமி எட்டிப் பார்த்ததைச் சொல்லும்போது, "எண்ணிக்கையைச் சரியாப் போட்டிருக்கக் கூடாதாடி" என்று எழுபது வயதிலும் பாட்டி பதறுவார்.

இதே டங்கன் 1940-இல் 'காளமேகம்' எடுத்தார். நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளைதான் நாயகன். ஸ்ரீரங்கம் மடைப்பள்ளிக்காரராக இருந்த கவி காளமேகம் திருவானைக்காவல் மோகனாங்கியிடம் மனம் பறிகொடுத்த கதை நம் ஊரார் அறிந்ததே. அந்தப் படம் ஓடவில்லை. 'அம்பிகாபதி'யோ பெரும் வெற்றி.

அதே 1937-இல் பாகவதர் நடித்து ஓஹோவென்று ஓடிய 'சிந்தாமணி'யின் பிரதி இன்று கிடைப்பதில்லை. பாடல்கள் மட்டும் காதில் நிற்கின்றன. அந்தக் காலத்தில் படம் பார்க்கப் போனவர்கள் கொட்டகையில் பாட்டுப் புத்தகம் வாங்கி வந்தார்கள். கதைச் சுருக்கம், நடிகர் பெயர்கள், பாடல்கள் எல்லாம் அதில் இருக்கும். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளிலும் பரண்மேல் இன்னும் சில கிடக்கக்கூடும். வீட்டை இடிக்கும்போதும் விற்கும்போதும் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. அங்கே கொடுங்கள்.