ஷாம்பெயின் பாட்டிலில் விவசாயியின் பங்கு

கார் பந்தயத்தில் ஜெயித்தவர்கள் மேடையில் நின்று பாட்டிலைக் குலுக்கி ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சி அடிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது அசல் ஷாம்பெயினாக இருந்தால், அப்படித் தரையில் ஓடும் முக்கால் லிட்டருக்குள் சுமார் 1.2 கிலோ திராட்சை இருக்கிறது. கிலோவுக்கு 6 யூரோவுக்கு மேல் விவசாயியின் கையில் கொடுத்து வாங்கிய பழம் அது. நேரே எடுத்துச் சாப்பிடும் பழம்கூட அல்ல. பிழிந்து சாறெடுக்கும் பழத்துக்குத்தான் இந்த விலை.

ஷாம்பெயின் என்பது முதலில் ஒரு வட்டாரத்தின் பெயர், அதன் பிறகுதான் மதுவின் பெயர். பாரிஸ் நகரத்துக்குக் கிழக்கே ரீம்ஸ், எபெர்னே என்ற இரண்டு ஊர்களைச் சுற்றி இருக்கும் சுண்ணாம்பு மண் பூமி. திராட்சைப் பரப்பு சுமார் 34,000 எக்டர், விவசாயிகள் சுமார் 16,000 பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 5 ஏக்கர் சொச்சம். உலகமே பேர் சொல்லும் ஒரு பொருளின் பின்னால் இருப்பது பெரிய பண்ணைகள் அல்ல, சிறு விவசாயிகள்தான். நிலத்தில் 90 சதவிகிதம் அவர்கள் கையில். புகழ்பெற்ற கம்பெனிகளுக்குச் சொந்தம் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. ஆனால் விற்கும் பாட்டில்களில் பெரும்பகுதி கம்பெனிகளின் பெயரில்தான் போகிறது.

அங்கே பந்தல் கிடையாது. இடுப்பு உயரக் கம்பியில் எக்டருக்கு 8,000 கொடிகள் வரை நெருக்கி வளர்க்கிறார்கள். பறிப்பது கையால் மட்டும். இயந்திரத்துக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. நம் பன்னீர் திராட்சையில் எக்டருக்கு 30 டன் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு அங்கே உள்ள மகசூல் ஏமாற்றமாக இருக்கும். 2024-ல் எக்டருக்கு 10 டன்னுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அவர்களே வரம்பு கட்டிக்கொண்டார்கள்.

நுரை வந்த கதை குளிரோடு சேர்ந்தது. இலையுதிர் காலத்தில் நொதிக்க ஆரம்பித்த சாறு, கடும் குளிரில் பாதியில் நின்றுவிடும். வெயில் வந்ததும் மறுபடி நொதிக்கும். அதற்குள் பாட்டிலில் அடைத்திருந்தால் வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும், சில நேரம் பாட்டில் வெடிக்கும். ஓவிலே மடத்தின் துறவி டோம் பெரினியோன்தான் நுரையைக் கண்டுபிடித்தார் என்று சொல்லுவார்கள். அவர் உண்மையில் நுரை வராமல் இருக்கப் பாடுபட்டவர்! அன்றைய குறையையே இன்று திட்டமிட்டுச் செய்கிறார்கள். தயாரான ஒயினில் லிட்டருக்கு 24 கிராம் அளவுக்குச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து பாட்டிலை மூடுகிறார்கள். உள்ளே ஏறும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு. குறைந்தது 15 மாதம் சுண்ணாம்புப் பாறைக்குள் குடைந்த குளிர்ந்த நிலவறையில் கிடக்க வேண்டும். செத்த ஈஸ்ட் அடியில் வண்டலாகத் தங்கும். அதை எடுக்க வழி கண்டவர் 27 வயதில் கணவரை இழந்து தொழிலைக் கையில் எடுத்த கிளிக்கோ அம்மையார். ஓட்டை போட்ட பலகையில் பாட்டிலைச் சாய்த்துச் செருகி, நாளுக்குக் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி வண்டலைக் கழுத்துக்கு இறக்குவது அந்த முறை. பிறகு கழுத்தை மட்டும் உறைய வைத்துத் திறந்தால் வண்டல் கட்டி தானாகத் தெறித்து வெளியே வந்துவிடும்.

ரசித்துக் குடிக்கிறவர்கள் பீய்ச்சுவதில்லை. 8 முதல் 10 டிகிரிக்குக் குளிர வைத்து, சத்தமில்லாமல் தக்கையைத் திருகி எடுத்து, மெல்ல ஊற்றுகிறார்கள். சுட்ட ரொட்டி வாசனை வருகிறது என்பார்கள். அது அந்தச் செத்த ஈஸ்ட்டின் உபயம்.

இந்த ரசனைக்கு ஒரு நூற்றாண்டு முன்னால் விவசாயி கொடுத்த விலை கொஞ்சமல்ல. வேர்ப்பேன் வந்து கொடிகளை அழித்துக்கொண்டிருந்தது. 1910-ல் விளைச்சல் அநேகமாக ஒன்றுமே இல்லை. சில கம்பெனிகளோ வேறு வட்டாரத்துத் திராட்சையையும் ஒயினையும் ரயிலில் இறக்கி, ஷாம்பெயின் என்று பெயர் ஒட்டி விற்றுக்கொண்டிருந்தன. உள்ளூர்ப் பழத்துக்கு விலை கேட்டால் பதில் இல்லை. 1911 ஜனவரியில் மார்ன் பகுதி விவசாயிகள் வெளியூர் ஒயின் வந்த வண்டிகளை மறித்துப் பீப்பாய்களை உடைத்தார்கள். ஷாம்பெயின் எல்லைக்குள் சேர்க்காமல் விடப்பட்ட ஓப் பகுதி விவசாயிகள் இன்னொரு பக்கம் தெருவில் இறங்கினார்கள். எல்லையையே எடுத்துவிடலாம் என்று செனட் சபை சொன்ன சேதி வந்ததும், ஏப்ரல் 12 அன்று அயி என்ற ஊரில் கம்பெனிக் கட்டடங்கள் எரிந்தன, தெருவில் ஒயின் ஓடியது. ராணுவம் வந்துதான் அடங்கியது. வன்முறையை யாரும் மெச்ச வேண்டியதில்லை. ஆனால் விவசாயி கேட்டது சலுகை அல்ல. தன் ஊர்ப் பெயர் தன் ஊர்ப் பழத்துக்கு மட்டும் வேண்டும் என்றுதான் கேட்டான்.

ஓப் பகுதியும் முழு உரிமையோடு சேர 1927 ஆகிவிட்டது. 1941-ல் விவசாயிகளுக்கும் கம்பெனிகளுக்கும் பொதுவான ஒரு குழு அமைந்தது. அதற்குத் தலைவர்கள் இரண்டு பேர்: ஒருவர் விவசாயிகள் தரப்பு, மற்றவர் கம்பெனிகள் தரப்பு. 1990 வரை பழத்தின் விலையே இப்படிப் பேசி நிர்ணயித்ததுதான். சிறந்த கிராமங்களுக்கு முழு விலை, மற்ற கிராமங்களுக்கு அதில் இத்தனை சதவிகிதம் என்று கணக்கு. இப்போது விலை அவரவர் ஒப்பந்தப்படி. மகசூல் வரம்பைக் குழு சொல்கிறது. வரம்புக்கு மேல் விளைந்ததில் ஒரு பகுதியை ஒயினாக்கிச் சேமிப்பில் வைக்கவும் அனுமதி உண்டு. 2021-ல் ஏப்ரல் உறைபனியும் பிறகு அடிச்சாம்பல் நோயும் சேர்ந்து தாக்கியபோது பலருக்குக் கைகொடுத்தது இந்தச் சேமிப்புதான். நல்ல வருஷத்தின் மிச்சம் கெட்ட வருஷத்துக்குக் காப்பீடு.

பெயரை அவர்கள் காக்கும் விதம் இன்னும் கறாரானது. பாரிசில் 1993-ல் வாசனைத் திரவியம் ஒன்றுக்கு ஷாம்பெயின் என்று பெயர் வைத்ததையே நீதிமன்றம் போய்த் தடுத்துவிட்டார்கள். இந்தியாவிலும் அந்தப் பெயர் புவிசார் குறியீட்டில் பதிவாகியிருக்கிறது. நாசிக்கில் அதே முறையில் நுரை ஒயின் செய்தாலும் ஷாம்பெயின் என்று எழுத முடியாது. 2023-ல் நம் கம்பம் பன்னீர் திராட்சைக்குக் கிடைத்ததும் இதே குறியீடுதான். சான்றிதழுக்கு அப்புறம் யார் காவல் காக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அங்கே எல்லாம் சுகம் என்று எண்ண வேண்டாம். 2023 அறுவடையில் கடும் வெயிலில் பழம் பறித்த கூலியாட்கள் சிலர் இறந்துபோனார்கள். அதே அறுவடைக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கத் தொழிலாளர்களைக் கொட்டடி போன்ற இடத்தில் அடைத்து வைத்ததற்காக 2025-ல் மூன்று பேருக்கு மனிதக் கடத்தல் குற்றத்தில் தண்டனை கிடைத்தது. கிலோ 6 யூரோவின் பங்கு கடைசிக் கை வரை போகவில்லை.

விற்பனையும் இறங்கியிருக்கிறது. 2022-ல் சுமார் 32.5 கோடி பாட்டில். 2024-ல் 27 கோடி. சந்தை சுருங்கியதும் வரம்பையும் சுருக்கினார்கள். 2025-ல் எக்டருக்கு 9 டன். அதற்கு மேல் காய்த்த தோட்டக்காரர் சேமிப்புக்கு அனுமதித்ததை எடுத்துக்கொண்டு, மீதிக் கொத்துகளைக் கொடியிலேயே விட்டுவிட வேண்டும்.