மலைநாட்டில் ஒரு சின்னக் கார்

ஓய்வுபெற்ற தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர், சேமலாப நிதிப் பணத்தில் பழைய ஆல்டோ வாங்கலாமா என்று ஹட்டனிலிருந்து கேட்டார். 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் தகரத்துக்கும் தங்கவிலை!

796 சிசி எஞ்சின் கொழும்புக்குப் போதும். 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் காற்று மெலிவதால் வலுவில் ஏறத்தாழ ஐந்திலொன்று குறையும். நால்வர் ஏறினால் நானுஓயா ஏற்றத்தில் முனகும். குளிரூட்டி அங்கே தேவையில்லை என்பது ஓர் ஆறுதல்.

எனக்கு இறக்கமே அச்சம். கீழ்க்கியரில் இறங்காதவரின் வண்டியில் பிரேக் சீக்கிரம் தேய்ந்திருக்கும். லயத்துக் கற்பாதை வண்டியின் அடிப்பாகத்தையும் பதம் பார்த்திருக்கும்.

நள்ளிரவில் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல ஆட்டோ கிடைக்காதாம். வாங்குங்கள் என்றேன், முற்பணத்துக்கு முன் நம்பகமான மெக்கானிக்கோடு தலவாக்கலை வரை ஓட்டிப் பாருங்கள் என்றும் சொன்னேன்.