மெஷினுக்கு ஒரு கதவு எண்!

திருப்பூர்ல சனிக்கிழமைன்னா சம்பள நாள். பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் வாரச் சம்பளம்தான். கணக்கும் கொஞ்சம் வித்தியாசம். ‘எத்தனை நாள் வேலை பார்த்தே?’ன்னு யாரும் கேட்க மாட்டாங்க. ‘எத்தனை ஷிஃப்ட்?’னுதான் கேட்பாங்க. காலையில் வந்து இரவு வரை நின்றால் ஒன்றரை ஷிஃப்ட். பல யூனிட்களில் இப்போது அந்த ஒன்றரைக்கு சாட்சி, வாசல் சுவரில் தொங்கும் விரல் ரேகை மெஷின்.

அந்த மெஷினும் ஆபீஸ் கம்ப்யூட்டரும் ஒருநாள் ‘டூ’ விட்டால் என்ன ஆகும்? ஷிஃப்ட் கணக்கு வராது. சம்பளம் தள்ளிப்போகும். ரூம் வாடகை, மளிகைப் பாக்கி, ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு எல்லாம் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கும்.

வேலம்பாளையத்தில் இருக்கும் என் தாய்மாமா வீட்டில் இதுதான் பிரச்னை. மாடியில் குடும்பம், கீழே இருபது தையல் மெஷின் ஓடும் பவர் டேபிள். பெரிய கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறார். மாடிக்கும் கீழேயும் ஒரே இன்டர்நெட். அத்தை பார்க்கும் டி.வி., வீட்டில் இருக்கும் மொபைல்கள், ஆபீஸ் கம்ப்யூட்டர், அட்டைப்பெட்டிக்கு லேபிள் அடிக்கும் பிரின்டர், சிசிடிவி பெட்டி, விரல் ரேகை மெஷின்... எல்லாம் ஒரே கூட்டுக் குடும்பம்!

செமஸ்டர் லீவுக்குப் போனவனை மாமா பிடித்துக்கொண்டார். “மாப்ள, நீ இன்ஜினீயரிங்தானே படிக்கிறே? கரண்ட் போய் வந்தா இந்த மெஷின் கம்ப்யூட்டர்ல வரமாட்டேங்குது. என்னன்னு பாரு.”

இன்ஜினீயரிங் படிக்கிற பையன் வீட்டுக்கு வந்தால் மிக்ஸி முதல் மோட்டார் வரை அவன் தலையில்தான் விழும். உங்களுக்கும் அனுபவம் இருக்குமே!

பார்த்தேன். மெஷினில் கோளாறே இல்லை. அதன் முகவரிதான் மாறிக்கொண்டே இருந்தது.

ரவுட்டரை ஒரு லாட்ஜ் மேனேஜர்னு வெச்சுக்குங்க. உள்ளே வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ரூம் நம்பர் கொடுப்பார். அதுதான் ஐபி முகவரி. கொடுக்கும் முறைக்குப் பெயர் டிஹெச்சிபி. ரூம் சொந்தமில்லை, வாடகைதான். ‘லீஸ்’ என்றே அதற்குப் பெயர். மாமா வீட்டில் இருந்த பெட்டி, எந்த ரூமில் யார் என்ற ரிஜிஸ்டரைத் தற்காலிக நினைவில்தான் வைத்திருந்தது. கரண்ட் போனால் ரிஜிஸ்டர் காலி. திரும்ப வந்ததும் எல்லாரும் வரிசையில் முண்டியடிப்பார்கள். நேற்று 5-ம் நம்பரில் இருந்த விரல் ரேகை மெஷினுக்கு இன்று 8. அந்த 5-ல் இன்று அத்தையின் டி.வி! சம்பள சாஃப்ட்வேர் பழைய ஞாபகத்தில் 5-ம் நம்பர் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்?

தீர்வு, நிரந்தர முகவரி. அதாவது ஸ்டாட்டிக் ஐபி. ஆனால் அந்தப் பெட்டியின் மெனுவில் அதற்கான இடமே இல்லை. சரி, நாமே ரவுட்டர் கட்டிடலாம்னு இறங்கினேன்.

மூலையில் தூசி படிந்து கிடந்த டெஸ்க்டாப் ஒன்று. அதில் செகண்ட் ஹேண்ட் நெட்வொர்க் கார்டு ஒன்றைச் செருகியதும் இரண்டு போர்ட் ஆயிற்று. ஒன்று வெளி உலகத்துக்கு, இன்னொன்று வீட்டுக்கு. சாஃப்ட்வேர், ஓபன்டபிள்யூஆர்டி. 2003-ல் லிங்க்சிஸ் நிறுவனம் தன் ரவுட்டருக்குள் இருந்த லினக்ஸ் மூல நிரலை வெளியிட, அதிலிருந்து 2004-ல் ஆர்வலர்கள் தொடங்கிய திட்டம் இது. சுத்தமாக இலவசம். கேபிள் போட்ட அண்ணனைக் கூப்பிட்டுப் பழைய பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றினோம். வைஃபைக்கு வீட்டில் கிடந்த இன்னொரு ரவுட்டரை மாட்டி, அதன் டிஹெச்சிபியை அணைத்தேன். ஒரே லாட்ஜுக்கு இரண்டு மேனேஜர் ஆகாது பாஸ்!

“ஸ்டாட்டிக் ஐபின்னா தனியா காசு கேப்பாங்களே மாப்ள?” - மாமாவுக்கு சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். அது வெளி உலக ஐபி. பழைய ஐபிவி4 முறையில் உலகத்துக்கே சுமார் 429 கோடி எண்கள்தான். மையக் கையிருப்பில் மிச்சமிருந்த கடைசித் தொகுதிகளையும் 2011 பிப்ரவரி 3-ல் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதனால் அதற்கு கிராக்கி. ஆனால் 192.168 என்று தொடங்கும் 65,536 எண்கள் வீட்டுக்குள், ஆபீஸுக்குள் புழங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. உங்க வீட்டிலும் எங்க வீட்டிலும் ஒரே எண் இருக்கலாம், சண்டையே வராது. நமக்குத் தேவை இதுதான். பைசா செலவில்லை.

அடுத்து, யாருக்கெல்லாம் நிரந்தர முகவரி? எல்லாருக்கும் கொடுத்தால் கணக்கு வைக்க முடியாது. யோசித்ததில் ஒரு விதி கிடைத்தது. மத்தவங்களைத் தேடிப் போறவங்க எங்கே வேணும்னாலும் தங்கலாம். மத்தவங்க தேடி வர்றவங்க மட்டும் ஒரே இடத்தில் இருக்கணும். மொபைலை யாரும் தேடிப் போவதில்லை. பிரின்டரைத் தேடுகிறார்கள். விரல் ரேகை மெஷினைத் தேடுகிறார்கள்.

ஓபன்டபிள்யூஆர்டி வழக்கமாக 100 முதல் 249 வரை உள்ள எண்களைத்தான் வாடகைக்கு விடும். அதைத் தொடவில்லை. 100-க்குக் கீழே சொந்த வீடுகள் கட்டினேன். ரவுட்டர் 192.168.1.1. விரல் ரேகை மெஷின் 10. லேபிள் பிரின்டர் 20. சிசிடிவி 30. வாடகை எண்களுக்கு நடுவில் சொந்த வீடு கட்டக் கூடாது. அதே எண்ணை மேனேஜர் வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை ஓடாது.

இதைச் செய்ய இரண்டு வழி. ஒவ்வொரு கருவியின் மெனுவிலும் போய் எண்ணைத் தட்டுவது ஒன்று. ரவுட்டரிலேயே ‘இந்த மேக் முகவரி வந்தால் இந்த எண் கொடு’ என்று எழுதி வைப்பது இன்னொன்று. மேக் என்பது நெட்வொர்க் கார்டின் மச்சம் மாதிரி, கூடவே வரும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்தது. எல்லாக் கணக்கும் ஒரே நோட்டில் இருக்கும். ஆனால் மொபைலுக்கு இது சரிவராது. இப்போதைய ஆண்ட்ராய்டும் ஐபோனும் நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் புனைபெயரில்தான் நுழைகின்றன!

வாடகைக் காலம் எவ்வளவு என்று மாமா எட்டிப் பார்த்தார். 12 மணி நேரம். “அட, ஒன்றரை ஷிஃப்ட்டு!” என்று சிரித்தார்.

பயாஸில் ஒரு வேலை பாக்கி. கரண்ட் வந்ததும் டெஸ்க்டாப் தானாக ஆன் ஆக வேண்டும். அதையும் மாற்றிவிட்டு, மெயின் ஸ்விட்சை மூன்று முறை அணைத்துப் போட்டோம். மூன்று முறையும் ஷிஃப்ட் கணக்கு கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது.

செக்கிங்கில் இருந்த ஒரு அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தேனிப் பக்கத்திலிருந்து வந்து வாடகை ரூமில் இருப்பவர். “ஏந்தம்பி, இனிமே மெஷின் சரியில்ல, திங்கக்கிழமை வாங்கிக்கன்னு சொல்ல மாட்டாங்கல்ல?”

எனக்கு அது 192.168.1.10. அவருக்கு அது ஒரு வாரச் சம்பளம். நெட்வொர்க் பாடத்தில் ஐந்து மார்க்குக்குப் படித்த விஷயத்துக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும்னு எனக்கு யாரும் சொன்னதில்லை.

காலேஜ் திரும்பும் முன் ஒரு வெள்ளைத் தாளில் எல்லாக் கருவிகளின் பெயர், எண், மேக் எழுதி, கீழே ‘புது மெஷின் வாங்கினால் மேக் மாறும், ரவுட்டரில் மாற்றவும்’ என்று படிப்படியாகத் தமிழில் குறித்து, ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். போன மாதம் லேபிள் பிரின்டர் பழுதாகிப் புதிது வாங்கியிருக்கிறார்கள். அதற்கு 20-ம் நம்பரைப் போட்டது பேக்கிங்கில் இருக்கும் அண்ணன். எனக்கு ஒரு போன்கூட வரவில்லை.