நரி நெருப்பு

துருவ ஒளியைப் பார்க்க வேண்டுமென்று கிளப்பியவள் என் மனைவிதான். அவளுக்குக் கண்ணழுத்த நோய். ஓரப் பார்வை போய்விட்டது. மிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டுமாம்.

பின்லாந்தின் வடகோடியில், இனாரி ஏரிக்கரையில், பைன் காட்டுக்குள் ஒரு விடுதி. ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியும் 250 கிலோமீட்டர் போக வேண்டும். குடிலுக்குக் கண்ணாடிக் கூரை. படுத்தபடியே வானம் பார்க்கலாம். அதற்குத் தனிக் காசு. இரண்டு இரவும் மேகத்தைத்தான் பார்த்தோம்.

மூன்றாவது இரவுதான் கடைசி. 11 மணிக்கு மணியடித்து எழுப்பினார்கள். உறைந்த ஏரியின் மேல் போய் நின்றோம். பூஜ்யத்துக்குக் கீழே 28 டிகிரி குளிர். வடக்கே, அழிந்த விபூதிப் பட்டை மாதிரி ஏதோ ஒன்று. இதற்கா இத்தனை செலவு! பக்கத்தில் நின்றவரின் காமிராவிலோ அது பச்சைப் பசேலென்று இருந்தது. காமிரா பல விநாடி ஒளியைச் சேர்த்து வைத்துக் காட்டுகிறது. மங்கலில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. சூரியனிலிருந்து வரும் துகள்கள் 100 கிலோமீட்டருக்கு மேலே பிராணவாயுவில் மோதுவதால் வரும் பச்சை அது. பின்லாந்துக்காரர்கள் வைத்த பெயர் 'ரெவொன்துலெத்', அதாவது நரி நெருப்பு. நரி வாலால் பனியை வீசியடிக்க, பொறி வானத்துக்குப் பறக்கிறதாம். எனக்கு நரியைத்தான் பிடித்தது.

சட்டென்று பட்டை வலுத்தது. இப்போது வெறும் கண்ணுக்கே பச்சை. திரைச்சீலை போல மடிந்து மடிந்து ஆடியது, சத்தமே இல்லாமல். அவ்வளவு பெரிய வானம் அவள் பார்வைக்குள் அடங்காது. தலையைத் திருப்பித் திருப்பித் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"கால் மரத்துவிட்டது. உள்ளே போவோமா?" என்றேன்.

"நீங்க போங்க. எனக்குக் கிழக்குப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கு" என்றாள்.