அகுஸ்தினார் பிறந்த மண்

புனித அகுஸ்தினாரை ஐரோப்பியராகவே நம்மில் பலர் எண்ணுவர். அவர் 354இல் பிறந்த தகாஸ்தே, இன்றைய அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ் நகரம். ஆயராயிருந்து 430இல் மறைந்த ஹிப்போ, இன்றைய அன்னாபா. வடக்கே கடலோரம் கோதுமையும் ஒலிவமும் விளையும். எஞ்சிய பெரும்பரப்பு சகாரா. அரபியோடு பெர்பர் மக்களின் மொழியும் 2016 முதல் ஆட்சிமொழி.

மக்கள் ஏறத்தாழ அனைவரும் இசுலாமியர். அவர்களிடையே திபிரின் மலையூரில் வாழ்ந்த துறவியருள் சகோதரர் லூக் மருத்துவர். ஏழைகளிடம் கட்டணம் பெறாதவர். உள்நாட்டுப் போர் மூண்டபோதும் துறவியர் ஊரைவிட்டு அகலவில்லை. 1996இல் 7 பேர் கடத்திக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் ஓரான் ஆயர் பியேர் கிளாவரி குண்டுவெடிப்பில் உயிர்நீத்தார். உடன் இறந்தவர் முகமது என்னும் இசுலாமிய இளைஞர்.

2018 டிசம்பர் 8ஆம் நாள் ஓரானில் மறைசாட்சியர் 19 பேர் அருளாளராக உயர்த்தப்பட்டனர். முகமதின் பெயர் அப்பட்டியலில் இல்லை. அன்று ஆயரின் வாகனத்தை ஓட்டிவந்தவர் அவர்.