ஜெயித்தது ஆட்டக்காரனா, கோச்சா?

அதிராம்பட்டினத்தில் கால்பந்து டோர்னமென்ட் வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வரும். பையன்களுக்குப் பந்து பழக்குகிறவன் என்ற முறையில் என் பதில் இது: திறமையைக் கோச் உண்டாக்க முடியாது, இருக்கிற திறமை வீணாகாமல் காக்க முடியும்.

நாக் அவுட் ஆட்டத்தில் கோச்சின் பங்கு குறைவு. வெளியூரிலிருந்து மாலையில் வந்திறங்கும் கெஸ்ட் பிளேயர் ஜெர்சியை மாட்டிக்கொண்டு நேரே களமிறங்குவார். அவர் நல்ல ஃபார்வர்டாக இருந்தால் ஆட்டம் அவரோடு முடிந்துவிடும். ஒருநாள்கூடச் சேர்ந்து பழகாத அணிக்குக் கோச் என்ன சொல்லித்தர முடியும்?

லீக்கிலும் ஆட்டக்காரனின் தரம் பெரிய விஷயம்தான். அக்பர் நவாஸ் பயிற்சியில் சென்னை சிட்டி 2018-19 ஐ-லீக் பட்டம் வென்றது. பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல் அடித்தார். அடுத்த சீசனில், பட்டம் வென்ற அணியில் ஆடிய நெஸ்டர் இல்லை. மான்சியும் பாதியில் ஜப்பானுக்குப் போனார். கோச் அதே நவாஸ்தான், பட்டம் தங்கவில்லை.

மறுபக்கம், அதே 2019-20இல் ஐ.எஸ்.எல். ஆடிய சென்னையின் எஃப்சி. ஜான் கிரகரியின் கீழ் முதல் 6 ஆட்டத்தில் 5 புள்ளி. அவர் விலக, ஓவன் கோய்ல் வந்தார். மீதி 12 ஆட்டத்தில் 24 புள்ளி. இறுதி ஆட்டம் வரை போனார்கள். எல்லாப் பெருமையும் கோய்லுக்கே என்று சொல்லமாட்டேன். அணியின் ஃபார்வர்டு வால்ஸ்கிஸ் அவர் வருவதற்கு முன்பே கோல் அடிக்கத் தொடங்கியிருந்தார். மோசமாகத் தொடங்கும் அணி ஓரளவு தானே தேறும். ஆனால் இவ்வளவு தூரம் தானாகத் தேறாது.

கோச்சின் வேலை எது என்பதை 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் சையது அப்துல் ரஹீம் காட்டினார். தலையில் தையல் போட்டிருந்த ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்கை ஃபார்வர்டாக நிறுத்தினார். அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னைல் கோல் அடித்தார். தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. கோல் ஜர்னைலுடையது. அவர் நின்ற இடம் ரஹீம் கொடுத்தது.

நானும் ஒவ்வொரு பையனுக்கும் பொருந்தும் இடத்தைத்தான் தேடுகிறேன். பந்து தன்னிடம் இல்லாதபோது ஒருவன் எங்கே ஓடுகிறான் என்று பார்ப்பேன். "காக்கா, நான் ஃபார்வர்டுதான் ஆடுவேன்" என்று அடம்பிடிப்பவன் நல்ல பேக்காக இருப்பான். அது தெரிய ஒரு மாலை போதாது, மாதங்கள் வேண்டும்.

அதனால் கமிட்டிக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். கெஸ்ட் பிளேயருக்குப் பணம் கொடுங்கள், அவரால் ஆட்டத்தை ஜெயிக்கலாம். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கை நம் தெருப் பையன்களுக்கு வருடம் முழுக்க நடக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். நாளைக்கு வெளியூர்க்காரர்கள் கெஸ்ட் பிளேயராக அழைக்கப்போவது அவர்களைத்தான்.